கேள்விக்கு முன் கிரேயான்

சிறுவர்களின் உடல்நலப் பழக்கங்களை ஆராயப் போகிறீர்களா? "காய்கறி சாப்பிடுவாயா?" என்று கேட்டால், ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். முதலில் தாளும் கிரேயானும் கொடுங்கள். 1980களில் இங்கிலாந்துப் பள்ளிகளில் உடல்நலக் கல்வி ஆய்வாளர் நொரீன் வெட்டன் குழுவினர் பயன்படுத்திய 'வரைந்து எழுது' முறை இது: "உடம்பை நலமாக வைத்துக்கொள்ள நீ செய்வதை வரை; அது என்னவென்று பக்கத்தில் எழுது."

எழுதத் தெரியாத குழந்தை காதோடு சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். படத்துக்கு நீங்களாகப் பொருள் சொல்லாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். நாம் கீரை என்று நினைக்கும் பச்சைக் கிறுக்கல் டைனோசராக இருக்கலாம்! "இது என்ன, சொல்லேன்" என்று கேட்டுவிடுங்கள். குழந்தைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள்; இல்லாவிட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து வரைவார்கள். பெற்றோர் சம்மதம் தந்து கையெழுத்திட்டிருந்தாலும், குழந்தை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.