மைதான ஒதுக்கீட்டை மாற்றப் போகிறார்களா? மும்பைவாசிகள் ஆட்சேபம் எழுதும் முறை

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் வீட்டுக்கு எதிரே கிடக்கும் காலி மனை மைதானத்துக்கு ஒதுக்கியது என்பதே பலருக்கு அங்கே கட்டடம் எழும்பிய பிறகுதான் தெரிகிறது. ஆனால் ஒதுக்கீட்டை மாற்றும் முன் மக்களைக் கேட்டே ஆக வேண்டும். 1966-ஆம் ஆண்டு மகாராஷ்டிர நகரமைப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒரு மாதம் ஆட்சேபம் தரலாம். அறிவிப்பு மராத்தி, ஆங்கிலப் பேப்பர்களில் வரும் என்பதால் தமிழ்ப் பேப்பர் மட்டும் படிப்பவர் கண்ணில் படாது. சொசைட்டியில் ஒருவராவது அதற்கென்று கண் வைத்திருக்க வேண்டும்.

முதலில் மனை எண். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தாராவி, சயான், மாட்டுங்கா எல்லாம் பழைய நகரப் பகுதி, அங்கே சி.எஸ். எண்ணும் (பழைய நகரின் நில அளவை எண்) அந்த அளவைப் பகுதியான டிவிஷனின் பெயரும் வேண்டும். செம்பூர் புறநகர், அங்கே சி.டி.எஸ். எண்ணும் (புறநகரின் நில அளவை எண்) கிராமப் பெயரும். இதைக் கையில் வைத்துக்கொண்டு பிஎம்சி (மும்பை மாநகராட்சி) இணையதளத்தில் டிபி ரிமார்க், அதாவது வளர்ச்சித் திட்டத்தில் அந்த மனைக்கு உள்ள குறிப்பை எடுங்கள். 2018 மே மாதம் அரசு ஒப்புதல் தந்த 2034 வளர்ச்சித் திட்டப்படி அந்த மனைக்கு என்ன குறியீடு என்று அதில் இருக்கும். ஆங்கில 'ஆர்' (R) எழுத்தில் தொடங்கினால் ஒதுக்கீடு, 'இ' (E) எழுத்தில் தொடங்கினால் ஏற்கெனவே இருக்கும் வசதி. ஆர்ஓஎஸ் (ROS) 1.4 என்றால் விளையாட்டு மைதானம், 1.5 என்றால் பூங்கா.

அடுத்து, மாற்றத்துக்கான வரைபடத்தைப் பாருங்கள். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டுக் காத்திருக்க வேண்டாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு, அதற்குள் உங்கள் ஒரு மாதமும் ஓடிவிடும். அறிவிப்பில் குறிப்பிட்ட அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

கடிதத்தில் கோபம் எடுபடாது, அளவுதான் எடுபடும். "எங்களுக்கு இது வேண்டாம்" என்ற வரிக்கு அதிகாரி பதில் சொல்லத் தேவையே இல்லை. இப்படி எழுதுங்கள்: "இந்த மனையை விட்டால் அடுத்த மைதானம் நடந்து போக இத்தனை மீட்டர். நடுவே இந்த மெயின் ரோட்டைப் பிள்ளைகள் கடக்க வேண்டும். எதிரே உள்ள தெருவின் அகலம் இத்தனை மீட்டர்." டேப் பிடித்து அளந்து, ஃபோட்டோ எடுத்து இணையுங்கள். திட்டத்தின் தன்மையையே மாற்றும் திருத்தத்தை 37-ஆம் பிரிவில் கொண்டுவர முடியாது. அந்த வாதம் பொருந்தினால் அதையும் தனிப் பத்தியாக வையுங்கள். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தலைப்பில் அறிவிப்பு எண்ணையும் மனை எண்ணையும் போடுங்கள். "என் ஆட்சேபத்தை விசாரணையில் நேரில் சொல்ல விரும்புகிறேன்" என்ற வரியை மறக்கவே கூடாது.

இருநூறு பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் ஒரே இன்வர்ட் எண்தான் (கடிதம் பெற்றதற்கான அலுவலகப் பதிவு எண்) கிடைக்கும். வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டு போய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரையும் இன்வர்ட் எண்ணும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

விசாரணையில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஒருவர் தூரத்தைப் பேசட்டும், இன்னொருவர் தெருவைப் பேசட்டும். சொன்னதை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

மனை உங்களுடையது, ஒதுக்கீடு இடைஞ்சலாக இருக்கிறது என்றாலும் உடனே 37-ஐ நாட வேண்டியதில்லை. ஒதுக்கிய வசதியைக் கட்டி அதற்குரிய பங்கை பிஎம்சியிடம் ஒப்படைத்து, மீதியை நீங்களே பயன்படுத்த, 2034 திட்டத்தோடு வந்த கட்டட விதிகளின் 17-ஆம் விதி பல ஒதுக்கீடுகளுக்கு இடம் தருகிறது. அக்கம்பக்கத்தின் எதிர்ப்பும் இதில் குறைவு. பத்தாண்டு ஆகியும் மனையைக் கையகப்படுத்தவில்லை என்றால் அதே 1966 சட்டத்தின் 127-ஆம் பிரிவில், 'மனையை எடுங்கள், இல்லையென்றால் ஒதுக்கீட்டை விடுங்கள்' என்று நோட்டீஸ் கொடுக்கலாம். 2018 திட்டத்தில் புதிதாகப் போட்ட ஒதுக்கீட்டுக்கு 2028 வரை அந்தக் கதவு திறக்காது.

விசாரணை முடிந்ததும் கோப்பு மாநில அரசுக்குப் போகும். நகரமைப்பு இயக்குநரைக் கலந்த பிறகு அரசு முடிவெடுத்து அரசிதழில் வெளியிடும். அதுவரை முத்திரை விழுந்த அந்தப் பிரதி பத்திரமாக இருக்கட்டும். ஹைகோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.