தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து ரக்பி விங்கர் ஆகணும்னா

ஸ்கூல்ல 100, 200 மீட்டர் நல்லா ஓடுற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. விங்கர்னா 11 இல்லைன்னா 14ஆம் நம்பர் ஜெர்ஸி, மைதானத்தோட பக்கவாட்டுக் கோட்டோரமா நின்னு கிடைக்கிற கேப்ல பறக்கணும். கார்லின் ஐல்ஸ்னு ஒரு அமெரிக்க ஓட்டக்காரர், 2012ல தான் ரக்பிக்கே வந்தாரு, அப்புறம் ஒலிம்பிக்ஸ்லயே ஆடினாரு, அதனால லேட்டாயிடுச்சேன்னு நினைக்காதீங்க.

முதல்ல ஸ்பீடு. ஜில்லா ஸ்டேடியத்துல ஸ்பைக்ஸ் போட்டு 30 மீட்டர் ஸ்ப்ரின்ட் அடிங்க, நடுவுல நல்லா ரெஸ்ட் எடுங்க, மூச்சு வாங்கிட்டே ஓடினா வேகம் ஏறாது. பந்தை எப்பவும் கோட்டுப் பக்கம் இருக்கிற கையில பிடிங்க, அப்பதான் உள்பக்கத்துல இருந்து வர்றவன இன்னொரு கையால தள்ளிவிட முடியும், கால் கோட்டுல பட்டா பந்து எதிர் டீமுக்குப் போயிடும். கபடி ஆடினவங்களுக்கு டேக்கிள், அதாவது பந்தோட ஓடுறவன பிடிச்சுக் கீழ தள்ளுறது, சீக்கிரம் வரும், ஆனா தோளுக்கு மேல பிடிச்சா ஃபௌல், தலைய எதிராளியோட உடம்புக்குப் பின்பக்கமா வச்சுப் பழகுங்க, இதுல அவசரமே வேணாம். தலையில அடிபட்டா அன்னைக்கு ஆட்டத்த விட்டு வெளிய வந்துடுங்க, கோச் திட்டினாலும் சரி.

கிளப் வேணும்னா ஓசூர்காரங்களுக்கு பெங்களூரு பக்கம், மத்தவங்க சென்னைய பாருங்க. 2025ல ரக்பி பிரீமியர் லீக் ஆரம்பிச்சு முதல் கப்பே சென்னை புல்ஸ்தான் அடிச்சாங்க, அது செவன்ஸ் ஆட்டம், அதாவது டீமுக்கு ஏழு பேர், வேகமா ஓடுறவங்களுக்கு அங்க மவுசு ஜாஸ்தி. ஆனா டிகிரிய மட்டும் பாதியில விட்டுடாதீங்க, விங்கரோட வாழ்க்கை ஒரு தொடை தசை கிழிஞ்சா மாசக்கணக்குல நின்னுடும்.