மைலேஜ் பார்க்க ஒரு லிட்டர் போதாது

போன மாதம் என் மச்சான் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாக, "மாமா, வண்டி லிட்டருக்கு நூறு கொடுக்குதுங்க" என்றான். மீட்டர் போர்டில் அப்படிக் காட்டியதாம். காட்டத்தான் செய்யும். ஆக்ஸிலேட்டரை மூடி, கியரிலேயே இறக்கத்தில் விட்டால் இப்போதைய எஃப்ஐ வண்டிகள் (கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூவல் இன்ஜெக்டர் உள்ளவை) பெட்ரோல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் உருண்டு வந்ததை மைலேஜ் கணக்கில் சேர்க்க முடியுமா?

சரி, உண்மையில் எப்படிப் பார்ப்பது? டேங்க் ஃபுல் செய்து, ட்ரிப் மீட்டரை சைபராக்கி, வழக்கம்போல ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு ஃபுல் செய்து, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் முறை போட்டது கணக்கில் வராது. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் "அதே அளவுக்கு" என்ற இடத்தில்தான் எல்லாமே கெட்டுப்போகிறது.

பங்கில் கவனித்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டிக்கும் மெயின் ஸ்டாண்டில் நேராக நிற்கும் வண்டிக்கும் டேங்கில் பெட்ரோல் நிற்கும் மட்டம் வேறு. நாசிலை ஆழமாக விட்டால் சீக்கிரம் கட் ஆகும், மேலே தூக்கிப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். வேகமாக அடித்தால் நுரை வந்து ஃபுல் ஆனதுபோலத் தெரியும், அரை நிமிஷத்தில் இறங்கிவிடும். அதனால் இரண்டு முறையும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், மெயின் ஸ்டாண்டு, கடைசியில் மெதுவாக அடிக்கச் சொல்லி மூடிக்குக் கீழே உள்ள கழுத்தின் அடிப்பகுதியைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். வழிய வழிய ஊற்ற வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும். பில் வாங்கி அதன் பின்னாலேயே கிலோமீட்டரை எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துபோகும்.

இவ்வளவு பார்த்தும் 100 மில்லி முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். அதனால்தான் ஒரு லிட்டர் ஊற்றிப் பார்க்காதீர்கள் என்கிறேன். நிஜமாக 50 கொடுக்கிற வண்டி, ஒரு லிட்டர் கணக்கில் 100 மில்லி தவறினால் 45 என்றும் காட்டும், 55 என்றும் காட்டும். அதே தவறு 6 லிட்டர் ஓடியபிறகு நடந்தால் 49-க்கும் 51-க்கும் நடுவில்தான் நிற்கும். குறைந்தது 250, 300 கிலோமீட்டர் ஓடுங்கள், மூன்று ஃபுல் டேங்க் கணக்கு கையில் இருந்தால் யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்லலாம். ரிசர்வ் விழும்வரை ஓட்டிப் பார்ப்பது கார்புரேட்டர் காலத்து வழி. எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து பெட்ரோலால்தான் சூடு தணிகிறது, காய விட்டால் பம்ப் போகும், செலவு உங்களுடையது.

அப்புறம் மலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வண்டியும் இரண்டு ஆளுமாக 250 கிலோவை 1,200 மீட்டர் தூக்க மட்டும், இன்ஜினில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், ஏறத்தாழ அரை லிட்டர் கூடுதலாகப் போகும். மலையில் 20 கிலோமீட்டர் ஏறும்போது 25 கொடுத்து, இறங்கும்போது 100 கொடுத்தால் சராசரி என்ன? மச்சான் 62 என்றான். ஏற 800 மில்லி, இறங்க 200 மில்லி, ஆக 40 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், சராசரி 40. மைலேஜ் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கவே கூடாது; மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஏற்காடு ரோட்டில் மலைக்குக் கீழே இருக்கும் கோரிமேட்டில் ஃபுல் செய்து மேலே போனால், திரும்பக் கோரிமேட்டுக்கே வந்துதான் ஃபுல் செய்ய வேண்டும். இறக்கத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் மைலேஜ் பார்க்க ஆள் இருக்காது.

இரண்டு வண்டியை ஒப்பிடுவதாக இருந்தால் ஓடோமீட்டரையும் சந்தேகப்பட வேண்டும். பெங்களூர் ரோட்டில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தோ போன் ஜிபிஎஸ் வைத்தோ ஒருமுறை சரிபாருங்கள். 100-க்கு 103 காட்டும் மீட்டரில் வந்த 50 என்பது நிஜத்தில் 48.5. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், ஒரே அளவு பிடியுங்கள். செயினில் எண்ணெய் இருக்கிறதா, பிரேக் உரசுகிறதா என்று மெயின் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய நோட்டுக் கணக்கோடு ஒப்பிடுபவர்கள் எத்தனாலையும் மறக்க வேண்டாம்: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில். பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 52 கொடுத்தது 50 ஆனால் உடனே மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஓட்டும் கைதான் பெரிய வித்தியாசம். அதனால் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். நானும் மச்சானும் ஒரு வாரம் அவரவர் வண்டி, அடுத்த வாரம் வண்டியை மாற்றி, ஓமலூர் வழியாக மேட்டூர் போய் வந்து, அதற்குமேல் அவரவர் வேலை ஓட்டமும் சேர்த்துக் கணக்கு எழுதினோம். முதல் வாரம் என் வண்டி 53, அவனுடையது 47. மாற்றியபின் என் வண்டி அவன் கையில் 48, அவன் வண்டி என் கையில் 52. வண்டிக்கு வண்டி ஒன்றுதான் வித்தியாசம், மீதி ஐந்தும் ஆக்ஸிலேட்டர் முறுக்கும் கையில். எண்களை அவனுக்கு அனுப்பினேன். "டயரில் காற்று கம்மியா இருந்திருக்கும் மாமா" என்கிறான். இரண்டு வாரமும் காற்று பிடித்தது அவன்தான்.