டைரக்டரி மரத்தில் இறங்கும் நிரலில் செய்யக்கூடாத தவறுகள்

ஒரு டைரக்டரியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்து, டைரக்டரியாக இருந்தால் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன் சி மொழியில் முப்பது வரிகூட வராது. புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் அந்த முப்பது வரியை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு டைரக்டரியிலும் வரும் ஒற்றைப் புள்ளி (அதே டைரக்டரி), இரட்டைப் புள்ளி (தாய் டைரக்டரி) என்ற பெயர்களைத் தள்ள மறந்தால் முதல் ஓட்டத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும், அதை விட்டுவிடுவோம். சோதனையில் எல்லாம் சரியாக ஓடி, பிறகு வேறொருவருடைய மெஷினில் வெடிக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் தள்ளுவது

முதல் எழுத்தை மட்டும் பார்த்தால் மறைந்த ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து காணாமல் போகும். முழுப் பெயரையும் ஒப்பிடுங்கள்.

ரீட்டிர் நல் தந்தால் முடிந்தது என்று நம்புவது

டைரக்டரியின் அடுத்த பெயரைத் தரும் ஃபங்ஷன் ரீட்டிர். பட்டியல் முடிந்தாலும் நல்தான் (வெற்றுச் சுட்டி), பாதியில் பிழை வந்தாலும் நல்தான். பிரித்தறிய ஒரே வழி, ஒவ்வொரு ரீட்டிர் அழைப்புக்கும் முன்னால் கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவைப் பூஜ்யமாக்கி, நல் வந்ததும் அதைப் பார்ப்பது. லூப் தொடங்கும் முன் ஒரே ஒருமுறை பூஜ்யமாக்கினால் போதாது. லூப்புக்குள் நீங்கள் கூப்பிடும் மற்ற ஃபங்ஷன்களும் எர்நோவை மாற்றும். பேக்அப் எடுக்கும் நிரலில் இதைத் தவறவிட்டால், டிஸ்க் பிழையால் பாதிப் பட்டியல் மட்டும் வந்தாலும் “வெற்றி” என்றே அச்சாகும்.

பெயரால் சோதித்துவிட்டு, பெயரால் செயல்படுவது

அதிகச் சேதம் செய்வது இதுதான். இன்றும் புதிய நிரல்களில் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் பாதுகாப்பாக எழுதும் வழி பல ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதன் எளிய வடிவம், ஒரு பெயர் ஃபைலா டைரக்டரியா என்று கேட்க எல்ஸ்டாட்டுக்குப் பதில் ஸ்டாட்டைக் கூப்பிடுவது. எல்ஸ்டாட் சிம்லிங்கையே (வேறொரு பாதையைக் காட்டும் பெயர்) பார்க்கும். ஸ்டாட் அதைத் தொடர்ந்து போய் மறுமுனையைப் பார்த்து “டைரக்டரிதான்” என்று சொல்லிவிடும். அழிக்கும் நிரல் அந்த வழியாக மரத்துக்கு வெளியே போய்க் கண்டதையும் அழிக்கும். மேலே உள்ள டைரக்டரியையே காட்டும் லிங்க் ஒன்று இருந்தால், லினக்ஸ் கர்னல் ஒரு பாதையில் 40 லிங்க்குக்கு மேல் தொடராது என்பதால், அதே மரத்தைத் திரும்பத் திரும்ப நடந்துவிட்டு ஈலூப் பிழையோடு நிற்கும். அப்படி இரண்டு லிங்க் இருந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் வேலை இரட்டிக்கும். நிரல் முடியவே முடியாது.

ரஸ்ட்டிலும் இதே குழிதான். பாத்தின் இஸ்_டிர் லிங்கைத் தொடரும், டிர்என்ட்ரியின் ஃபைல்_டைப் தொடராது. ரீட்_டிர் ஃபங்ஷனின் அதிகாரபூர்வ ஆவணத்தில் உள்ள மாதிரி நிரலே இஸ்_டிர்ரைத்தான் பயன்படுத்துகிறது. பலரும் அதை அப்படியே ஒட்டிக்கொள்கிறார்கள்.

எல்ஸ்டாட்டுக்கு மாறிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. எல்ஸ்டாட் “டைரக்டரி” என்று சொன்ன கணத்துக்கும் ஓப்பன்டிர் அதைத் திறக்கும் கணத்துக்கும் இடையே, வேறொரு ப்ராசஸ் அந்த டைரக்டரியை நகர்த்திவிட்டு அதே பெயரில் ஒரு சிம்லிங்கை வைத்துவிடலாம். தற்காலிக ஃபைல்களைத் துடைக்கும் நிரல் ரூட் உரிமையோடு ஓடினால், சாதாரண பயனர் ஒருவர் இந்த இடைவெளியைப் பிடித்து, தன்னால் தொடவே முடியாத ஃபைல்களை அந்த நிரலைக் கொண்டே அழிக்கலாம். ரஸ்ட்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ரிமூவ்_டிர்_ஆல் ஃபங்ஷனே இப்படித்தான் இருந்தது. சிம்லிங்க் சோதனை இருந்தும் இடைவெளி மூடப்படவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-21658 என்று பதிவான அந்த ஓட்டை 2022 ஜனவரியில் 1.58.1 பதிப்பில்தான் அடைபட்டது. கூப்பிடுவதற்கு முன் நாமே ஒரு சோதனை போட்டுக்கொண்டாலும் பயனில்லை. அந்தச் சோதனைக்குப் பிறகும் அதே இடைவெளி இருக்கும்.

அழிக்கும் நிரலுக்குச் சரியான வரிசை இது. தாய் டைரக்டரியின் டிஸ்கிரிப்டரை (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) கையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் பெயரை மட்டும் ஓப்பன்அட்டுக்குக் கொடுங்கள், ஓ_டைரக்டரி, ஓ_நோஃபாலோ, ஓ_க்ளோஎக்ஸெக் கொடிகளோடு. ஈநாட்டிர் அல்லது ஈலூப் வந்தால் அது டைரக்டரி அல்ல, அன்லிங்க்அட்டால் நீக்குங்கள். அது லிங்க்காக இருந்தால் லிங்க் மட்டுமே போகும். திறந்துவிட்டால் எஃப்டிஓப்பன்டிர்ரிடம் கொடுத்துப் படியுங்கள். உள்ளே காலியானதும் மூடிவிட்டு, தாயின் டிஸ்கிரிப்டர் வழியாக ஏடி_ரிமூவ்டிர் கொடியோடு அன்லிங்க்அட்டைக் கூப்பிடுங்கள். தகவல் மட்டும் போதுமென்றால் எஃப்ஸ்டாட்அட், ஏடி_சிம்லிங்க்_நோஃபாலோ கொடியோடு.

முழுப் பாதையை ஒட்டித் தயாரித்து அதோடு ஓ_நோஃபாலோ போடுவது வீண்வேலை. அந்தக் கொடி பாதையின் கடைசிப் பெயரை மட்டும்தான் காக்கும். நடுவில் உள்ள பெயரை மாற்றினால் கண்டுகொள்ளாது. இன்னொன்று: எஃப்டிஓப்பன்டிர் வெற்றி பெற்றதும் டிஸ்கிரிப்டர் அதன் சொத்து. க்ளோஸ்டிர் அதை மூடிவிடும். நீங்களும் மூடினால், பல த்ரெட் ஓடும் நிரலில் அந்த எண்ணை அதற்குள் எடுத்துக்கொண்ட வேறு த்ரெட்டின் ஃபைல் மூடப்படும்.

டி_டைப்பை முழுதாக நம்புவது

ரீட்டிர் பெயரோடு சேர்த்துத் தரும் வகைக் குறிப்புதான் டி_டைப். எல்லா ஃபைல் சிஸ்டமும் அதை நிரப்புவதில்லை. டிடி_அன்நோன் (வகை தெரியாது) வந்தால் எஃப்ஸ்டாட்அட்டுக்குப் போங்கள். உங்கள் லேப்டாப்பில் ஒருநாளும் வராது, வாடிக்கையாளர் மெஷினில் வரும்.

ஆழத்தைக் கணக்கில் எடுக்காதது

ரிகர்சன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு டிஸ்கிரிப்டரைத் திறந்து வைத்திருக்கும். வழக்கமான வரம்பு 1024, தாண்டினால் ஈஎம்ஃபைல் பிழை. பாதைக்கென ஒவ்வொரு அழைப்பிலும் 4096 பைட் அர்ரே ஒன்றை ஸ்டாக்கில் வைப்பது இன்னொரு பழக்கம். 8 எம்பி ஸ்டாக்கில் 2,000 மட்டம்வரை தாங்கும். மஸ்ல் என்ற சி லைப்ரரியில் த்ரெட்டுக்கு இயல்பாக 128 கேபிதான் என்பதால் 32 மட்டத்தைக்கூட எட்டாது. பாதையின் நீளத்துக்கான பாத்_மேக்ஸ் மரத்தின் ஆழத்துக்கு வரம்பு என்று நினைத்தால் அதுவும் தப்பு: உள்ளே போய்ப்போய் எம்கேடிர் செய்தால் எவ்வளவு ஆழமும் போகலாம். படிப்பது மட்டும்தான் வேலை என்றால், உட்டைரக்டரிகளின் பெயர்களை ஹீப்பில் உள்ள பட்டியலில் சேர்த்துவிட்டு, மூடிவிட்டு, பிறகு இறங்குங்கள். மரத்தில் இறங்குவதற்கான ரஸ்ட்டின் வாக்டிர் கிரேட் (லைப்ரரி) இயல்பாக 10 டிஸ்கிரிப்டர்களோடு நிறுத்திக்கொள்கிறது.

லைப்ரரிக்குள் சிஎச்டிர்

வேண்டாம். அது ப்ராசஸ் முழுவதற்குமான நடப்பு டைரக்டரியை மாற்றிவிடும்.

வாக்டிர்ரில் ஃபில்டர் போட்டால் இறங்காது என்று நினைப்பது

இறங்கும். கிளையையே வெட்ட ஃபில்டர்_என்ட்ரி வேண்டும்.

பெயர் யூடிஎஃப்-8 என்று எண்ணுவது

லினக்ஸில் அது பைட் வரிசை. நல் பைட்டும் சாய்கோடும்தான் கூடாது. ரஸ்ட்டில் டு_ஸ்ட்ர் முடிவில் அன்ராப் போட்டால் பழைய என்கோடிங்கில் பெயரிட்ட ஒரே ஃபைல் நிரலைக் கவிழ்க்கும்.

அனுமதி இல்லாத ஒரு டைரக்டரிக்காக மொத்தத்தையும் நிறுத்துவது

ஈஅக்ஸஸ் வந்தால் பாதையோடு ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடிவில் எக்ஸிட் கோட் பூஜ்யமாக இருக்கக்கூடாது. பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுப் பூஜ்யம் திருப்புவதைவிட நடுவில் நிற்பதே மேல்.