போர்டு விற்கும் முன் லைசென்ஸ் பாருங்கள்

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டுக்குள் காட்டும் கருவிகளைச் செய்து விற்கிறேன். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (சின்னக் கணினிச் சிப்), தொலைவுக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ, பிறர் எழுதி வைத்த கோடான சில லைப்ரரிகள், அவ்வளவுதான் உள்ளே. இதுபோல ஏதாவது செய்துகொண்டு யோசனை கேட்க வருகிறவர்களிடம், சர்க்யூட்டைப் பார்ப்பதற்கு முன் லைப்ரரிப் பட்டியலைத்தான் கேட்பேன்.

அந்தப் பட்டியலை முதல் நாளே தொடங்குங்கள். லைப்ரரியின் பெயர், பதிப்பு, எடுத்த இடம், லைசென்ஸ் (அந்தக் கோடை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற அனுமதி). லைசென்ஸ் தனிக் கோப்பாக இருக்கும். இல்லாவிட்டால் சோர்ஸ், அதாவது மூலக் கோடு இருக்கும் கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் இல்லையா? தொடாதீர்கள். கோடுகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லார் கண்ணிலும் படுகிறது என்பதற்காக அதை எடுத்து விற்கும் உரிமை வந்துவிடாது. எழுதியவரிடமே கேட்டுப் பாருங்கள்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகிய லைசென்ஸ் வகைகளில் சிக்கல் குறைவு. சிறு சிப்களுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ் எம்ஐடியில் வருகிறது, இஎஸ்பி வகைச் சிப்களுக்குக் கோடு எழுத உதவும் இஎஸ்பி-ஐடிஎஃப் அப்பாச்சி 2.0-இல். பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் பொருளோடு சேர்த்துக் கொடுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கம் போதும்.

ஜிபிஎல் என்ற லைசென்ஸில்தான் நிதானம் வேண்டும். லோராவுக்குப் பலரும் எடுக்கும் ரேடியோஹெட் லைப்ரரி, ஜிபிஎல்லில் கிடைக்கும். வேண்டாமென்றால் காசு கொடுத்து வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். ஜிபிஎல்லில் எடுத்து உங்கள் ஃபர்ம்வேரோடு (கருவிக்குள் ஓடும் நிரலோடு) இணைத்து விற்றால், வாங்குகிறவருக்கு மொத்த ஃபர்ம்வேரின் சோர்ஸும் சேர வேண்டும். அதே வேலையைச் செய்யும் ரேடியோலிப் எம்ஐடி. கோடு எழுதத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் ஆகும். பெட்டிகள் கடைக்குப் போன பிறகு மாற்றுவதென்றால் ரேடியோ பகுதி முழுவதையும் திரும்ப எழுதிச் சோதிக்க வேண்டும்.

ஆர்டுயினோ போர்டுகளுக்கான அடிப்படைக் கோடான ஆர்டுயினோ கோர், ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் லைசென்ஸில் வருகிறது. உங்கள் கோடை மூடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கியவர் புதிய கோரோடு மறுபடி இணைத்துக்கொள்ள வசதியாக ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைல் ஆகி, இன்னும் ஒன்றாக இணைக்கப்படாத கோப்புகளை) தர வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கம்பைல் முடிந்ததும் பில்ட் ஃபோல்டரில் அவை கிடக்கும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அவற்றை ஜிப் செய்து ஃபர்ம்வேர் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு லிங்க்ஸிஸ் ரவுட்டரைச் சொல்வேன். அதன் டபிள்யூஆர்டி54ஜி மாடலுக்குள் ஜிபிஎல்லில் வரும் லினக்ஸ் இருப்பது தெரிந்ததும் ஜிபிஎல்படி சோர்ஸைக் கேட்டார்கள். 2003-இல் நிறுவனம் கொடுத்தது. அதிலிருந்து ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி வளர்ந்தது. இன்று அதைப் போட்டு ரவுட்டர் விற்கும் சின்ன நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்குக் கிடைக்கும் இலவசக் கோடெல்லாம் யாரோ நிபந்தனையை மதித்ததால் வந்தது, அதை நாமும் மதிக்க வேண்டும்.

போர்டுக்கு வருவோம். ஆர்டுயினோவின் டிசைன் கோப்பைத் திருத்திப் போர்டு செய்தால், உங்கள் கோப்பையும் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் ஷேர்அலைக் லைசென்ஸில் வெளியிட வேண்டும். ஆர்டுயினோ என்ற பெயரையும் லோகோவையும் போர்டில் அச்சடிக்கக் கூடாது, அது டிரேட்மார்க். சொந்த டிசைனைத் திறந்துவிட நினைத்தால் 2020-இல் வந்த, செர்ன் ஆய்வு மையத்தின் ஹார்டுவேர் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அதில் எஸ், டபிள்யூ, பி என்று கண்டிப்பு குறைந்துகொண்டே போகும் மூன்று வகைகள் உண்டு. வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம் என்பேன். அதைப் போட்டால் இன்னொரு சின்னப் பட்டறை உங்கள் போர்டைச் செய்து விற்க முடியாது, அப்புறம் அது ஓப்பன் சோர்ஸும் இல்லை.

கடைசியாக ஒன்று. அனுப்பும் ஒவ்வொரு பேட்சுக்கும் கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளில் ஒரு டேக் (அடையாள எண்) போட்டு, அதே எண்ணைப் பெட்டியின் ஸ்டிக்கரிலும் அச்சடியுங்கள். யாராவது சோர்ஸ் கேட்டால், அவர் கையில் இருக்கும் கருவியில் ஓடும் அதே கோடை எடுத்துக் கொடுக்கலாம்.