போர்ஷே 944 வாங்கப் போகிறீர்களா? முதலில் பெல்ட் ரசீதைக் கேளுங்கள்

1982 முதல் 1991 வரை தயாரான போர்ஷே 944, அண்ணன் 911-ஐவிட மலிவு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தவர்கள் பலர் முதலில் தேடுவது இதைத்தான். இதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும்; ஆனால் ஒரு ரப்பர் பெல்ட்டை மறந்தால் ஒரு நொடியில் பாழாகும்.

முதல் படி, காரைப் பார்க்கும் முன்பே காகிதங்களைப் பார்ப்பது. வால்வுகளைப் பிஸ்டன்களின் அசைவோடு இசைந்து இயங்கவைக்கும் ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அது அறுந்தால், திறந்திருக்கும் வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதி வளைத்துவிடும். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது. நான்கு ஆண்டுகள் அல்லது சுமார் 48,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது 944 வைத்திருப்போரின் வழக்கம். பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளைச் சுழற்றுவது), பெல்ட்கள் ஓடும் உருளைகள், வாட்டர் பம்ப் ஆகியவையும் பெல்ட் மாற்றிய ரசீதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினாலும் கதை அதேதான். "குறைவாகத்தான் ஓடியது" என்ற பேச்சில் மயங்காதீர்கள். பத்து ஆண்டுகள் கொட்டகையில் நின்ற காரைக் கண்டால்தான் எனக்குப் பயம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். மேலும், இந்தக் காரில் ஓடிய தூரம் காட்டும் மீட்டரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைவது சகஜம். சோதனை ஓட்டத்தில் எண் நகர்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒருமுறை நான் தொட்டபோது இட்லிப் பானை மூடியைப் போலச் சுட்டது. குளிர்ந்த எஞ்சின் போடும் சத்தம் சூடானபின் கேட்காமல் போகலாம். காலையில் அந்தக் கார் என்ன சத்தம் போட்டதோ!

எஞ்சின் குளிர்ந்திருந்தால் மட்டும் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறங்கள். உள்ளே பழுப்பாக, குழகுழவென்று படிந்திருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதென்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 944-இல் பெரும்பாலும் ஆயில் கூலரின் சீல்கள்தான் காரணம். சீல் மலிவு, எக்ஸாஸ்ட் குழாய்களைக் கழற்றி அதை அடைவதற்குத்தான் கூலி அதிகம்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வேகமாகச் சுழலும்போது ஆயில் அழுத்தம் 4 பார் அளவில் நிற்க வேண்டும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங்கை, அதாவது பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டுடன் இணைக்கும் தண்டின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இந்த எஞ்சினில் இரண்டாம் சிலிண்டருக்குரியதுதான் முதலில் தேயும் என்று பெயர். அந்தச் சத்தம் கேட்டால் நான் பேரம் பேசமாட்டேன், கிளம்பிவிடுவேன்.

எல்லாம் சரியென்றால் மெக்கானிக்கை வைத்துக் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள்; ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அது காட்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

ரசீதே இல்லாத காரைத்தான் மனம் கேட்கிறதென்றால், பெல்ட் வேலைக்கான செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். வாங்கிய பின் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். டிரெய்லரில் ஏற்றி நேராகப் பட்டறைக்கு அனுப்புங்கள்.