ஒயர்மேன் லைசென்ஸ் எடுக்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, பதினோரு வருஷமா ஒயரிங் பண்றேன். இப்பதான் லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்" என்று ஒரு தம்பி வந்தார். அவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன். போர்டைத் திறந்தால் ஒயர்கள் சீவி வாரிவிட்டதுபோல் இருக்கும். இதுவரை யார் யாரிடம் வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். நான்கு மேஸ்திரிகள் பேரைச் சொன்னார். நால்வரில் ஒருவருக்கும் லைசென்ஸ் இல்லை. அதாவது, பதினோரு வருஷ உழைப்புக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட ஆளே இல்லை.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் செய்யும் தவறுகளில் ஆளை அதிகம் பின்னுக்கு இழுப்பது இதுதான். அனுபவம் கையில் மட்டும் இருந்தால் போதாது, காகிதத்திலும் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதனால் வேலைக்குச் சேரும்போது தினக்கூலி எவ்வளவு என்று கேட்பதோடு, "உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா அண்ணே?" என்றும் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஐம்பது ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும் லைசென்ஸ் உள்ளவரிடம் சேருவதே லாபம். எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்தத் தேதி, என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து அனுபவச் சான்று கேட்கப் போகும்போது, அவருக்கே நினைவில்லாததை அந்த நோட்டு சொல்லும்.

ஐந்து வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. ஐ.டி.ஐ. படிக்காமல் வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்களுக்காக, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐ.டி.ஐ.கள் மூலம் மின்கம்பியாள் உதவியாளர் (ஒயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். வயதுக்கு மேல் வரம்பு கிடையாது. அதனால் "நாற்பது ஆயிடுச்சு, இனிமே எதுக்கு" என்று ஒதுங்குவதும் ஒரு தவறுதான். அறிவிப்பு செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாக வரும், பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் அவ்வப்போது எட்டிப் பார்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த குழப்பம், எந்தச் சான்றிதழ் எதற்கு என்பது. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டு வருஷம் படித்து தேசியத் தொழிற்சான்று வாங்கியதும் "லைசென்ஸ் வந்தாச்சு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது படிப்புக்கான சான்று. உரிமம் கொடுப்பது கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். உதவியாளருக்கு எச், ஒயர்மேனுக்கு பி, மேற்பார்வையாளருக்கு சி என்று மூன்று வகைத் தகுதிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. இவை ஆளுக்குக் கொடுப்பவை. சொந்தமாக ஒப்பந்தம் எடுத்து வேலை செய்ய ஒப்பந்தக்காரர் உரிமம் தனியாக வாங்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர், மெகர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி), எர்த் டெஸ்டர் என்று ஆளும் கருவியும் காட்ட வேண்டியிருக்கும். பி சான்றிதழை வைத்துக்கொண்டு விசிட்டிங் கார்டில் "அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்" என்று அச்சடிப்பவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம், அது பொய்.

விண்ணப்பத்தில் வரும் சில்லறைத் தவறுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு இனிஷியல், ஐ.டி.ஐ. மதிப்பெண் பட்டியலில் அப்பா பேர் முழுசாக. இது ஒன்றே மாதக்கணக்கில் இழுத்தடிக்கும், முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். அப்புறம், "பணம் கொடு, பரீட்சை இல்லாமலே வாங்கித் தரேன்" என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். போலிச் சான்றிதழோடு மாட்டினால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

சரி, தேர்வுக்கு வருவோம். பல வருஷம் வேலை பார்த்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "இதெல்லாம் தினம் செய்யறதுதானே" என்ற எண்ணம்தான் காரணம். கடையில் த்ரீ பை ட்வென்டி, ஒன் பை எய்ட்டீன் என்று பழைய ஒயர் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்கிப் பழகியவரிடம், 16 ஆம்பியர் பவர் பாயிண்டுக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று கேட்டால் விழிக்கிறார். இப்போது எல்லாமே சதுர மி.மீ. கணக்குதான். லைட், ஃபேனுக்கு 1.5, பவர் பாயிண்டுக்கு 2.5 அல்லது 4 என்று கை தானாக எடுக்கும். ஏன் என்று வாய்க்குச் சொல்ல வராது. எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுகிறவர்கள் எல்லாரும் இந்த 'ஏன்' தெரியாதவர்கள்தான். எம்.சி.பி. காப்பாற்ற வேண்டியது ஒயரை. உள்ளே 1.5 ஒயரை வைத்துக்கொண்டு 32 போட்டால், டிரிப் ஆவதற்கு முன்பே ஒயர் சூடாகி உருகிவிடும். சுவருக்குள்ளே நடப்பதால் யார் கண்ணிலும் படாது.

மெகர் டெஸ்டும் அப்படித்தான். மெகரைத் தொட்டே பார்க்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு 500 வோல்ட் மெகரால் பார்க்கிறோம். ஒயருக்கும் எர்த்துக்கும் இடையில் பார்க்கும்போது பல்பு மாட்டியிருக்கலாம், சுவிட்ச் எல்லாம் ஆனில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் பார்க்கும்போது சுவிட்ச் ஆனில் இருக்கட்டும், ஆனால் பல்பு, ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் முள் பூஜ்யத்துக்கு ஓடும். நல்ல ஒயரிங்கை 'ஷார்ட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். 50-ஐப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, மெகரில் காட்ட வேண்டிய குறைந்தபட்ச இன்சுலேஷன் அளவு (மெகாஓமில்) என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 20 பாயிண்ட் என்றால் 2.5 மெகாஓம். இதை ஒயர்மேன் வகுப்பில் எத்தனை தலைமுறை சொல்லிக் கொடுத்தார்களோ, இன்றும் நேர்முகக் கேள்வியில் கை கொடுக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். லைசென்ஸே எதற்கு என்பது இதில்தான் இருக்கிறது.

ஒரு வீட்டில் சமையலறை சாக்கெட்டில் கரண்ட் இல்லை என்று கூப்பிட்டார்கள். போனால், அங்கே ஏற்கெனவே ஒருவர் டெஸ்டரோடு நின்றுகொண்டிருந்தார். சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. "ரெண்டு ஃபேஸ் வருதுண்ணே" என்றார். இரண்டு ஃபேஸ் ஒன்றும் வரவில்லை. நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருந்தது. அதே லைனில் ஆனில் இருந்த ஃப்ரிட்ஜ் வழியாக ஃபேஸ் நியூட்ரல் ஒயருக்கு வந்து நிற்கிறது. ரிட்டன் என்று நாம் சொல்வது இதைத்தான். ஓட்டைகள் இரண்டுக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தேன், எரியவில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன், எரிந்தது. உடனே அவர் சொன்னார்: "அப்ப எர்த்தையே நியூட்ரலா லூப் பண்ணிடலாம், ஓடிடும்."

ஓடும். மிக்ஸி சுற்றும், வீட்டுக்காரர் சந்தோஷமாகப் பணமும் கொடுப்பார். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து திரும்பி வருகிற கரண்ட் எல்லாம் எர்த் ஒயரில் ஓடத் தொடங்கும். வெளியே எர்த் பைப் நாலடி மட்டும் அடித்து மேலே சிமெண்ட் பூசியிருந்தால், கோடையில் மண் காய்ந்ததும் அந்தக் கரண்டுக்குப் போக வழியில்லாமல் போகும். அப்போது ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று எர்த் செய்த ஒவ்வொரு கருவியின் உடம்பிலும் கரண்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறக்கப் போவது அந்த வீட்டு அம்மாதான். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் இப்படி லூப் செய்த உடனேயே டிரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கும். அதையும் 'தொல்லை' என்று கழற்றிவிட்டு, ஒயரை நேரடியாகச் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுப்போன நியூட்ரலைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜங்ஷன் பாக்ஸுக்குள் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் கருகிக் கிடந்தது.

எர்த் பைப் என்றால் 40 மி.மீ. விட்டம், குறைந்தது 2.5 மீட்டர் நீளம், கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. இந்த எண்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யப்படுகின்றன. குழி தோண்டும்போது மறந்துவிடுகிறார்கள்.

இதனால்தான் கடைசியாகச் சொல்லப்போகும் தவறின் மேல் எனக்குக் கோபம் அதிகம். புதுக் கட்டடத்துக்கு ஈ.பி. இணைப்பு வாங்க, ஒயரிங் முடிந்தது, சோதித்தாயிற்று என்று உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே, வீட்டில் புதிதாகச் செய்யும் ஒயரிங் வேலை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று 45-ஆம் விதி சொன்னது. மத்திய மின்சார ஆணையத்தின் இன்றைய பாதுகாப்பு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் நடப்பது என்ன? வேலையை ஒருவர் செய்கிறார், கட்டடத்தையே பார்க்காத இன்னொருவர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். லைசென்ஸ் புதிதாக வந்த பையனிடம் முதல் வாரமே இப்படி ஒருவர் வந்து நிற்பார். "ஒரு கையெழுத்துதானே தம்பி" என்பார். போடாதீர்கள். மெகர் வைத்துப் பார்க்காத ஒயரிங்குக்கு எழுதிக் கொடுக்கும் மெகாஓம் கணக்கு கற்பனைதான். அந்த வீட்டில் ஏதாவது ஆனால் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான், அதில் இருப்பது உங்கள் லைசென்ஸ் எண்.

வெளிநாட்டு யோசனை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வாங்கிய சான்று அங்கே அப்படியே செல்லாது. சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையம் தனியாக உரிமம் கொடுக்கிறது. அதில் எலக்ட்ரீஷியன் நிலையில் 45 கே.வி.ஏ. மின்சுமை வரைக்கும்தான் வேலை செய்யலாம்.

அந்தத் தம்பி இப்போது லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் சேர்ந்திருக்கிறார். கூலி முன்பைவிடக் குறைவு. நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் சேர்ந்த தேதியை எழுதிக் கொண்டுவந்து காட்டினார்.